பதினொரு மணிக்கூண்டும் ஒரு வெள்ளோட்டமும்

பேருந்து நிறுவனமொன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கால அட்டவணை எழுதிவரும் ஒருவர், தம் முதல் வெளிநாட்டுப் பயணத்தை வேறொருவர் திட்டமிட விடுவார் என்று எதிர்பார்ப்பது பேதைமை. தெருவில் அவருக்கு அட்டவணையார் என்று பெயர். அது கேலி என்பது அவரைத் தவிர அனைவருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை, எட்டாக மடித்த காகிதமொன்றைச் சாப்பாட்டு மேசையின்மேல் விரித்தார். மேசை போதவில்லை. தொங்கிய பகுதியைத் தாங்கிப் பிடிக்க மனைவியை அழைத்தார்.

அம்மையார் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. ஆண்டு முழுவதும் ஓடியும் ஓடவைத்தும் விசில் ஊதியும் பிழைப்பவருக்கு விடுமுறை என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: கடலோரத்தில் அசையாமல் கிடப்பது.

"ஏழு நாள். பதினொரு மணிக்கூண்டு," என்றார் அட்டவணையார், நாட்டைப் பிடித்த தளபதியின் குரலில்.

"பதினொண்ணும் ஒரே மணியைத்தானேங்க காட்டும்?"

"காட்டுதான்னு பார்க்கத்தானே போறோம்!"

"ஒண்ணு நின்னு போயிருந்தா?"

"அவங்ககிட்ட சொல்லிட்டு வருவோம்."

"இவ்வளவு தூரம் பறந்துபோய் அவங்க கடிகாரத்தைக் குறை சொல்லிட்டு வரணுமா? சரி, கடல் எங்க இருக்கு?"

அவர் காகிதத்தின் கீழ்மூலையில் விரல் வைத்தார். ஏழாம் நாள், மாலை ஐந்து முப்பத்தெட்டு முதல் ஐந்து ஐம்பது வரை: கடல்.

"பன்னிரண்டு நிமிஷமா?"

"அலை வரும், போகும். அதையே திரும்பத் திரும்ப என்ன பார்க்கறது?"

வேறொருத்தியாக இருந்தால் மூக்கைச் சிந்தியிருப்பாள். அம்மையார் சிந்தவில்லை. விடைத்தாள் திருத்தும் கவனத்துடன் முதல் நாள் பகுதியைப் படித்தார்.

"ரெண்டாவது கூண்டுலேர்ந்து மூணாவதுக்குப் பதினாறு நிமிஷம்னு போட்டிருக்கே. யார் நடந்து?"

"பயணி நடந்து."

பயணி என்பவர் களைப்படைவார், அவருக்குக் குதிகால் என்று ஒன்று உண்டு என்பதற்கெல்லாம் அவருடைய இருபத்தாறு ஆண்டு அட்டவணைகளில் ஒரு கட்டம்கூட ஒதுக்கப்பட்டதில்லை.

"ஏங்க, உங்க ஆபீஸ்ல புது வழித்தடம் விட்டா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"வெள்ளோட்டம். ஓட்டிப் பார்க்காம ஒரு சக்கரத்தைக்கூட நான் உருள விட்டதில்ல!"

"தாமதமானா?"

"பத்து நிமிஷத்தைத் தாண்டினா வழித்தடம் ரத்து. எவர் சிபாரிசும் நடக்காது."

"அப்ப இதுக்கு?"

அட்டவணையார் காகிதத்திலிருந்து நிமிர்ந்தார். தம் தொழிலுக்கு வீட்டில் கிடைத்த முதல் மரியாதை அது. நெஞ்சு நெகிழ, அம்மையார் முன்வைத்த ஒப்பந்தத்துக்கு உடன்பட்டார். முதல் நாள் திட்டத்தைச் சொந்த ஊர்த் தெருக்களில் நடந்து காட்ட வேண்டும். நேரத்துக்கு முடித்தால் பதினொரு மணிக்கூண்டு. கடலைப் பற்றி அம்மையார் மூச்சுவிடக் கூடாது. எந்த இடத்திலாவது பத்து நிமிடத்துக்குமேல் பிந்தினால் ஏழு நாளும் கடல். காகிதத்தின் அடியில் இருவரும் கையெழுத்திட்டனர்.

"இந்த ஊர்ல மணிக்கூண்டுக்கு எங்க போறது?"

"அதே தூரத்துல வேற எதையாவது வெச்சுக்கலாம். நிறுத்தமெல்லாம் நான் பார்த்துக்கறேன். எழுதினவரே நடத்தினா நல்லாவா இருக்கும்?"

"நியாயம்," என்றார் அந்த உத்தமர்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. பயணத்துக்கென்று வாங்கிய புதுக் காலணியும் முதுகுப்பையுமாக வாசலில் நின்றார். பையில் குடை, மழைக்கோட்டு, தொலைநோக்கி, தண்ணீர்ப் புட்டி, இரண்டு கம்பளிச் சட்டைகள்; அவற்றில் ஒன்று அம்மையாருடையது.

"இங்க குளிரலையே!"

"அங்க குளிரும்ல? வெள்ளோட்டம்னா முழுசா இருக்கணும்."

விசில் ஒலித்தது.

முதல் நிறுத்தம் அஞ்சலகம். ஒரு நிமிடம் முன்னதாகவே சென்றடைந்து, விதிப்படி ஏழு நிமிடம் அண்ணாந்து பார்த்தார். காவலாளி வெளியே வந்து, அவர் பார்த்த திசையில் தாமும் பார்த்து, ஒன்றும் காணாமல் உள்ளே போனார். இரண்டாவது நிறுத்தம் தண்ணீர்த் தொட்டி. அது மேட்டுத் தெருவின் உச்சியில் இருந்தது. அங்கே சேர்ந்தபோது நான்கு நிமிடம் பிந்தியிருந்தது. இடது குதிகாலும் தனியே முனகத் தொடங்கியிருந்தது.

"முடியலைன்னா சொல்லிடுங்க."

"வண்டி லேசா சூடாகுது. வேற ஒண்ணுமில்ல."

மூன்றாவது நிறுத்தம் மரச்சாமான் கடை. வாசலிலேயே தோல் உறை போட்ட சாய்வு நாற்காலி ஒன்று, காலுக்குத் தனிப் பலகையுடன், கைகளை விரித்தபடி இருந்தது.

அம்மையார் காகிதத்தைப் பார்த்தார். "இங்க பார்வை நேரம் ஒன்பது நிமிஷம். நின்னுகிட்டேதான் பார்க்கணும்னு எழுதியிருக்கீங்களா என்ன?"

எழுதவில்லை. தாம் எழுதாத விதியை அட்டவணையார் என்றும் கடைப்பிடித்ததில்லை. உட்கார்ந்தார்.

கண் திறந்தபோது கடைக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வாங்கறீங்களா, இல்ல தங்கறீங்களா?"

பக்கத்தில் அம்மையார், ஓட்டப்பந்தய எல்லைக்கோட்டில் நிற்பதுபோல, நிறுத்தற் கடிகாரமும் கையுமாக நின்றார்.

"எவ்வளவு நேரம்?" என்றார் அட்டவணையார்.

"ஐம்பத்திரண்டு நிமிஷம்."

"எழுப்பியிருக்கலாமே!"

"எழுப்பறதுக்கு அட்டவணையில நேரம் ஒதுக்கலையேங்க."

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மனிதர் நாணயமானவர். கடைக்காரரிடமே சிவப்புப் பேனா கேட்டு வாங்கி, பதினொரு மணிக்கூண்டுகளுக்கும் குறுக்கே ஒரே கோடாக இழுத்து, 'ரத்து' என்று எழுதித் தேதியும் போட்டார். ஏழு நாள் கடல் அந்தக் கணமே உறுதியாயிற்று.

காலணிகளைக் கையில் பிடித்தபடி வீடு திரும்புகையில்தான் அவருக்கு மெல்ல உயிர் வந்தது.

"நாலே நாலு நிமிஷம்தான் பிந்தியிருந்தேன். அந்த நாற்காலியில மட்டும் உட்காராம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேன், தெரியுமா?"

"யாரு இல்லைன்னா?" என்றார் அம்மையார்.

அட்டவணையாரின் முதுகு நிமிர்ந்தது. வெறுங்காலிலும் ஒரு மிடுக்கு ஏறியது.

"ஆமா, நாலாவது நிறுத்தம் எங்க வெச்சிருந்தே?"

"மெத்தைக் கடையில."