சனிக்கிழமைக்குள் உயிருடன் வரவும்

அன்பும் மரியாதையும் நிறைந்த பாலகுரு மாமாவுக்கு,

தாயில்பட்டியிலிருந்து உங்கள் அக்கா மகள் இசைவாணி பணிவுடன் எழுதுவது. இங்கு அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். நீங்களும் நலம் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஊரில் மற்ற எல்லோரும் நீங்கள் செவ்வாய்க்கிழமை காலமாகிவிட்டதாக நம்புகிறார்கள். உங்கள் கைப்பேசிக்கு அழைத்து அழைத்து அலுத்துப்போய்ச் சினிமாக் கம்பெனி மேனேஜரைப் பிடித்தோம். நீங்கள் புதுப் படத்துக்காகக் கொடைக்கானல் காட்டுக்குள் இருப்பதாகவும், அங்கே டவர் கிடையாது, வத்தலக்குண்டிலிருந்து சாப்பாட்டு வண்டிதான் போய்வருகிறது என்றும் சொன்னார். அப்பா நாளை விடியற்காலையில் வத்தலக்குண்டுக்கு லோடு ஏற்றிப் போகிறார். இந்தக் கடிதத்தை அந்த வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவார். சோற்றோடு வந்து சேரும்.

நடந்தது இதுதான். சீரியலில் நீங்கள் நடிக்கும் மிராசு ராஜரத்தினம் சாகும் காட்சிக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும் என்றபோது, எங்கள் பக்கம் அடித்தால் எடுப்பாக இருக்கும் என்று சொல்லி, சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் உங்கள் பள்ளித்தோழர் பாண்டிராஜ் மாமாவுக்குப் படத்தை அனுப்பியது நீங்கள்தான். கேட்டது பத்தே போஸ்டர். ஆஃப்செட் மெஷினில் பிளேட் போட்ட பிறகு பத்தோடு நிறுத்த யாருக்கும் மனம் வராது. ஒரு கட்டு அடித்துவிட்டார்கள். பத்தைச் சுருட்டிச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, மீதியை மேஜையில் வைத்துவிட்டு, பாண்டிராஜ் மாமா காலண்டர் ஆர்டர் விஷயமாக விருதுநகர் போய்விட்டார். அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்தப் போஸ்டரும் ஆர்டர் கொடுத்தவர் வந்து வாங்கும்வரை கிடக்கும். அஞ்சலி போஸ்டர் மட்டும் மை காயும் முன்னே சுவரேற வேண்டும், தாமதித்தால் அடக்கம் முடிந்துவிடும். அதனால் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. பசை வாளியோடு வந்த தனுஷ்கோடி அண்ணன் உங்கள் முகத்தைப் பார்த்தார், கண் கலங்கினார், சிவகாசியிலிருந்து நம் ஊர் வரை ஒரு சுவர் விடவில்லை. அதில் ராஜரத்தினம் என்றுதானே பெயர் இருக்கிறது என்று நான் கேட்டேன்.

"ஊர்ல எல்லாரும் அப்படித்தான தாயி கூப்புடுறாக? பாலகுருன்னு போட்டா எவனுக்குத் தெரியும்?" என்றார்.

அதற்குள் வீடு நிறைந்துவிட்டது. போன வாரம்வரை பட்டாசுக் கம்பெனி வேனில் அம்மாவுக்கு இடம் கொடுக்காதவர்கள்தான் வந்தவர்கள் எல்லோரும். மருமகள் கோமதியின் கையிலிருந்து நீங்கள் சோற்றுத்தட்டைப் பிடுங்கிய எபிசோடுக்குப் பிறகு, "ஒந்தம்பிக்கு ஒரு வாய்ச் சோறு பொறுக்கலயே" என்று அம்மாவை நிற்கவைத்தே கூட்டிப்போனவர்கள். முன்வரிசையில் சோலையம்மாள் அத்தை. அம்மாவைக் கட்டிக்கொண்டு, "அளுதுரு வேலுத்தாயி, அளுதாத்தான் ஆறும்" என்றார்.

"அவன் உசுரோட இருக்கான் மதினி. ஞாயித்துக்கெளமகூடப் பேசுனான்."

"இருப்பான்தான். நம்ம மனசவிட்டு எங்கிட்டுப் போயிரப்போறான்?"

அம்மா உங்கள் வீடியோவைக் காட்டினாள். அதையும் பார்த்து அழுதார்கள். நீங்கள் திரையில் வந்தாலே டிவியை அணைத்துவிடும் பீர் முகைதீன் மாமா, தன் டீக்கடையில் உங்கள் போஸ்டருக்கு ரோஜா மாலை போட்டிருக்கிறார். அம்புட்டுத் தங்கமான மனுசன், வாய் அதிர்ந்து பேசமாட்டார் என்கிறார்கள். இப்படியே மாலைவரை கேட்டுக்கொண்டிருந்த அம்மா, என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "ஏட்டி, ஞாயித்துக்கெளம பேசுனது அவந்தான?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் கொஞ்சம் அழுதாள்.

இதுவரை வந்தது குடும்பத்துச் சங்கடம். இனி வருவது என் சங்கடம். சனிக்கிழமை எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு நீங்கள் சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்டீர்கள் அல்லவா? அதற்காகத் தலைமையாசிரியை யோகேஸ்வரி டீச்சர் உங்கள் கலை வாழ்க்கையைக் கட்டுரையாக எழுதி மேடையில் வாசிக்கச் சொல்லியிருந்தார். முதல் படத்தில் நீங்கள் பிணமாக நடித்தது, மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையாமல் கிடந்தது, அடுத்து ஜீப் கதவைத் திறக்கும் போலீஸ்காரர், பஞ்சாயத்தில் பின்னால் நின்று தலையாட்டுகிறவர், கதாநாயகியின் கல்யாணத்தில் தாம்பூலத் தட்டு ஏந்துகிறவர் என்று ஒன்று விடாமல் எழுதினேன். தட்டு ஏந்தி நிற்பது எளிதல்ல என்று ஒரு பத்தி தனியாக எழுதினேன். வீட்டில் நான் நின்று பார்த்துத்தான் எழுதினேன். பிறகு சீரியல், மிராசு, பெயர், புகழ். டீச்சர் நேற்று அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிணமாத் தொடங்கின வாழ்க்கை. முடிவும் எப்படிப் பொருந்தி வந்திருச்சு பாரு இசைவாணி."

"மாமா உயிரோடதான் டீச்சர் இருக்காங்க."

டீச்சர் என்னை உட்காரவைத்து குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார். எதிர்த்துப் பேசாதீர்கள், பிள்ளைக்கு அதிர்ச்சி என்று மற்ற ஆசிரியர்களிடம் மெதுவாகச் சொன்னதும் எனக்குக் கேட்டது. இப்போது அழைப்பிதழையே மாற்றிவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் உரை இருந்த இடத்தில் உங்கள் படத்திறப்பு. குத்துவிளக்கு ஏற்றியதும் ஒரு நிமிட மௌனம். அது கலைந்ததும் நான் எழுந்து கட்டுரை வாசிக்க வேண்டும். மாமா, நான் மேடையில் பொய் சொன்னதில்லை. முதல் பொய் உங்களைக் கொன்றதாக இருக்க வேண்டாம். வாசிக்க மாட்டேன் என்றாலோ, அதிர்ச்சி முற்றிவிட்டது என்று மேலும் குளுக்கோஸ் கொடுப்பார்கள். எனவே எந்த ஷூட்டிங் இருந்தாலும் கெஞ்சிக் கூத்தாடி, சனிக்கிழமை பத்து மணிக்குள் உயிருடன் நேரில் வந்து உங்கள் படத்தை நீங்களே இறக்கிவிட வேண்டும். பேருந்தில் வந்தால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள். பயந்துவிடுவார்கள்.

அம்மா உங்கள் ஆயுள் நீள மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறாள். சோலையம்மாள் அத்தை உங்கள் ஆன்மா அமைதி பெற வேண்டிக்கொண்டிருக்கிறார். இரண்டையும் ஏற்றுக்கொள்ளவும். சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம் இத்துடன் வருகிறது. அது அத்தை துக்கத்துக்குக் கொண்டுவந்தது, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது. கோமதியாக நடிக்கும் அக்காவுக்கு என் அன்பைத் தெரிவிக்கவும்.

என்றும் உங்கள்
இசைவாணி,
ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மணி எட்டு, சீரியல் வந்துவிட்டது. மிராசு செத்துப்போனார். டிவியிலும் சுவரில் அதே போஸ்டர். ஊரே பார்த்தது, ஊருக்கே புரிந்துவிட்டது. நீங்கள் பிழைத்தீர்கள் என்று நான் எழுந்து கைதட்டினேன். ஆனால் சாகும்போதாவது அந்தக் கோமதிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம், சொத்தில் சல்லிக் காசு கிடையாது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினீர்கள். பீர் முகைதீன் மாமா மாலையைக் கழற்றிவிட்டார். சோலையம்மாள் அத்தை வாசலில் நின்று, "செத்தும் திருந்தலயே வேலுத்தாயி ஒந்தம்பி" என்று கத்திவிட்டு, காராச்சேவைத் திருப்பிக் கேட்கிறார். (பாதிதான் இருக்கிறது. அதை அவரிடமே கொடுக்க வேண்டும், உங்களுக்கு வராது.) நாளை வேனில் அம்மா நின்றுகொண்டுதான் போக வேண்டும். யோகேஸ்வரி டீச்சரும் இப்போதுதான் அழைத்தார். இறந்தவர் என்பதால் மரியாதை செய்ய நினைத்தாராம், இன்றைய எபிசோடுக்குப் பிறகு உயிரோடு இருக்கிற ராஜரத்தினத்தைப் பெண்கள் பள்ளி மேடையில் ஏற்ற முடியாதாம். சிறப்பு விருந்தினர் இப்போது கோமதி அக்காதான். நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தால், மேடையில் அவர் கையில் சோற்றுத்தட்டைத் திருப்பிக் கொடுத்தால், உங்களுக்கும் ஓரமாக ஒரு நாற்காலி உண்டு. தட்டு ஏந்துவதில் உங்களுக்குப் பழக்கம் இருக்கிறது என்று டீச்சரிடம் சொல்லி நான்தான் சம்மதிக்க வைத்தேன்.