எல்லாம் ஒரே பச்சை

பழுத்த மிளகாயைப் பச்சையாக அச்சடித்தவன் என்று இராமநாதபுரம் சந்தையில் இன்றைக்கும் நாகநாதனைத்தான் சொல்கிறார்கள். வருஷக்கணக்காச்சு, அந்தப் பேர் போகவில்லை. பிளெக்ஸ் கடைக்காரன் கொடுத்ததைத்தான் அடிப்பான் என்று எத்தனை பேரிடம் போய்ச் சொல்வது? "ஏலே நாகநாதா, ஒன் மிசினுக்குள்ள மிளகாய் எப்பப்பா பழுக்கும்?" என்று டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை.

அந்தப் பழி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. அது ஒரு தனி இனம். ஒரேமாதிரிக்காரர் என்று பேர் வைத்துக்கொள்வோம்.

எங்கள் பக்கத்தில் அந்த இனத்தின் முதல்தரமான உருப்படி வசந்தகுமார். குண்டு மிளகாய் பயிரிடுகிற சம்சாரிகள் சேர்ந்து நடத்துகிற கம்பெனிக்கு விளம்பர மேனேஜராக வந்தவர். படம் போட்டு விவரம் சொல்லுகிற போர்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. அடித்துக் கொடுப்பது நாகநாதன்.

ஒரேமாதிரிக்காரர் கையில் விசிறி மாதிரி விரிகிற கலர் அட்டை ஒன்று இருக்கும். கடைக்குள் வந்தால் வணக்கம் கிடையாது. அட்டையைக் கம்ப்யூட்டர் திரையில் ஒட்டிவைத்துப் பார்ப்பார், வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார், திரும்பி வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார், கடைசியில் பெருமூச்சு விட்டு, "கன்சிஸ்டன்சி அண்ணே, கன்சிஸ்டன்சி" என்பார். அதாவது எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கம்பெனிக்கு ஒரே பச்சை, பழுத்த மிளகாய்ப் படத்துக்கும் அதே பச்சை. ஒரே எழுத்து. விவரம் போட மூன்றே வட்டம். மழைக்கணக்குக்கும் மூன்று வட்டம், உரக்கணக்குக்கும் மூன்று வட்டம். மிளகாய் காயப்போடுவதில் நாலு வேலை இருக்கிறதே என்று கேட்டால், நாலாவதைத் தூக்கிவிடுவார். தார்ப்பாய் போட்டு மூடுகிற வேலை அது. மழை பெய்தது. களத்து மிளகாய் நனைந்து பூஞ்சை பிடித்தது. வட்டம் மூன்றாகவே இருந்தது.

ஒரு தடவை மிளகாய் விலை இறங்கிக்கொண்டே போனதைப் படமாகப் போட வேண்டியிருந்தது. படத்தில் அம்பு மேலே போகிறது.

"சார், வெலை கீழயில்ல போகுது?"

"நம்ம அம்பு எப்பவும் மேல போற அம்புண்ணே. அதுதான் நம்ம ஸ்டைல்."

"அப்ப வெலையை எப்படிக் காட்டுறது?"

"நம்பரைச் சின்னதாப் போட்டுருங்க."

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். அப்புறம் பூச்சிமருந்து போர்டு வந்தது.

மருந்து பாட்டிலில் ஒரு கட்டத்துக்குள் கலர் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. முகத்தை மூடாமல் கிட்டப் போகக் கூடாது. பச்சை என்றால் இருக்கிறதிலேயே சாது. எழுத்து வராத சம்சாரிக்கும் இது தெரியும். வசந்தகுமாருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் போர்டில் இருந்த மூன்று பாட்டில் படத்திலும் பச்சையைப் போட்டுக் கொண்டுவந்தார்.

"சார், இது விசம். இதுல வெளையாடாதீக."

"கீழதான் விஷம்னு எழுதியிருக்கேண்ணே."

"அது எறும்பு ஊர்ற மாதிரியில்ல தெரியுது?"

"பெருசாக்கினா மத்த போர்டோட ஒத்துப்போகாது."

அடிக்க மாட்டேன் என்று நாகநாதன் பென்டிரைவைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார். வசந்தகுமார் சளைக்கவில்லை. வேற ஊரில் அடித்து வந்து குடோன் வாசலில் மாட்டிவிட்டார்.

நாகநாதனின் தங்கை சுகந்தி, உத்தரகோசமங்கைப் பக்கம் வாக்கப்பட்டவள். அவளும் கம்பெனியில் மெம்பர். அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு மருந்து வாங்கிப் போனாள். முகத்தில் துணி கட்டாமல் மிளகாய்க் கொல்லைக்கு அடித்தாள். வரப்பிலேயே சுருண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "ஏத்தா சுகந்தி, பாட்டில்ல மஞ்சள் இருந்துச்சுல்ல? பாக்கலையா நீ?"

"பாத்தேண்ணே. போர்டுல பச்சை போட்டிருந்துச்சு. பாட்டில்லதான் மாத்தி ஒட்டிட்டாக போலன்னு நெனச்சேன். கம்பெனிக்காரவுகளுக்குத் தெரியாதா என்ன?"

நாகநாதன் கடைக்கு வந்தார். சிவப்பு, மஞ்சள் ஸ்டிக்கரை வெட்டினார். குடோன் வாசலில் ஸ்டூல் போட்டு ஏறிப் பாட்டில் படங்களின் மேல் அதது இடத்தில் ஒட்டினார். வசந்தகுமார் ஓடி வந்தார்.

"என்னண்ணே, போர்டைக் கெடுத்துட்டீங்களே!"

"எந் தங்கச்சி ஆஸ்பத்திரியில கெடக்கா சார்."

ஒரேமாதிரிக்காரர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? அட்டையை விரித்தார். ஒட்டிய மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இந்த மஞ்சள் நம்ம அட்டையிலேயே இல்லையேண்ணே!"

"அதுல கைய வச்சுப் பிச்சுப் பாருங்க. அப்பறம் தெரியும்" என்று நாகநாதன் ஸ்டூலை அங்கனயே போட்டு உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய மருந்து வாங்க வந்த பொம்பளைகள் போர்டைப் பார்த்து, "இதுக்கு முகத்தைக் கட்டணுமாக்கும்" என்று பேசிக்கொண்டு போனதைக் கேட்ட பிறகுதான் எழுந்தார்.

வசந்தகுமாரை நினைத்தால் உங்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நியாயம்தான். ஆனால் உங்கள் வீட்டு வளைகாப்புக்கு எல்லோருக்கும் ஒரே கலரில் சேலை எடுத்தீர்களே, வேறு சேலை கட்டி வந்த சின்னம்மாவைப் போட்டோ எடுக்கையில் "கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்று சொன்னது யார் குரல்? சும்மாதான் கேட்டேன்.

வசந்தகுமார் அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவில்லை. போன் மட்டும் ஒரு தரம் வந்தது. "தங்கச்சி எப்படியிருக்காங்கண்ணே?" என்றுதான் ஆரம்பித்தார். நாகநாதனுக்கு மனசு லேசாக இளகிக்கூட விட்டது.

"முகத்துல துணி கட்டுங்கன்னு ஒரு போர்டு போடப்போறோம்ணே. தங்கச்சி கட்டில்ல படுத்திருக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. ஆஸ்பத்திரியில செவப்புப் போர்வையில்ல குடுத்திருப்பாங்க? அதை உருவிட்டு, நம்ம பச்சையில ஒண்ணு போர்த்தி எடுத்துருங்க."