பஞ்சு அண்ணாச்சியின் ஆள்வேர்

பம்பாய் முழுக்கத் தேடினாலும் பஞ்சு அண்ணாச்சி கடையைப் போல் சத்தமான ஒரு கடை கிடைக்காது. அவர் மெதுவாகத்தான் பேசுவார். சரக்கு வாங்க வந்தவர்கள்தான் கத்த வேண்டும்.

தாராவி தொண்ணூறடி ரோட்டு ஓரத்தில் சாக்கு விரித்து வேரும் மூலிகையும் விற்றார். இரண்டு காதிலும் எப்போதும் பஞ்சு. காரணம், நடுவில் சிவப்புத் துணிமேல் படுத்திருந்த ஆள்வேர். ஒரு முழம் நீளம். கை, கால், வயிறு எல்லாம் உண்டு.

"பிடுங்கும்போது இது அலறும் வே. அந்தச் சத்தம் கேட்டவன் அங்கயே காலி. அதான் நாய் வாலுல கயிறக் கட்டி இழுக்க விட்டேன். பாவம், செத்துப்போச்சு."

இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பின்னால் ஒரு பழைய வெளிநாட்டுப் படம் லேமினேஷன் செய்து தொங்கும். அதில் தலையில் இலை முளைத்த ஒரு வேர் மனிதன், அவனை இழுக்கும் ஒரு நாய். கூட்டம் போனை நீட்டிப் படம் எடுக்கும். விலை கேட்டால், "உமக்கு இது ஆகாது" என்று சுக்கையோ அதிமதுரத்தையோ கட்டிக் கொடுத்துவிடுவார்.

போன வருஷம் கடையை ஏறக்கட்டிவிட்டார். "இனிமே எழுதிக்கிடும்" என்று அனுமதியும் கொடுத்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

நான் தோல் பை தைக்கிறவன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. யாரிடமும் வாய் திறந்து ஒன்று கேட்பதென்றால் எனக்கு வேர்த்துவிடும். கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. ஊரிலிருந்து அம்மா போனில் கெடு வைத்தாள். கிறிஸ்துமஸ் வரை பார்ப்பது, அப்புறம் என் பெண்டாட்டி செல்வியை அவள் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. அந்தச் சமயத்தில்தான் செல்வி சர்ச்சில் ஒரு வாசகம் கேட்டாள். பைபிளில் அக்கா தங்கை இரண்டு பேர், பிள்ளை தரும் என்று நம்பித் தூதாயீம் கனிக்காகப் போட்டி போட்ட கதை. அந்தச் செடியின் வேர்தான் அண்ணாச்சியின் ஆள்வேர் என்று யாரோ சொல்ல, அதை வாங்கி வரச் சொல்லி என்னை விரட்டினாள்.

ஆள் குறைந்த நேரம் பார்த்துப் போனேன்.

"தூதாயீம்" என்றேன், எனக்கே கேட்காதபடி.

"என்னது?"

"தூதாயீம்..."

"தூதுவளையா! சளின்னு முன்னயே சொல்லக் கூடாதா வே?"

முள்ளும் கொடியுமாக ஒரு கட்டைத் தூக்கிக் கையில் வைத்தார். தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பத்து நாள் துவையல் அரைத்துச் சாப்பிட்டோம். இரண்டு பேருக்கும் சளி அண்டவில்லை. வேறொன்றும் நடக்கவில்லை.

பதினோராம் நாள் செல்வியே என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"அண்ணாச்சி! இவுக கேட்டது தூதுவளை இல்ல, தூதாயீம்! பிள்ளை உண்டாவணும்!"

ஓர் ஆட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார். வாழைப்பழ வண்டிக்காரர், "க்யா போலா?" என்று பக்கத்து ஆளிடம் விசாரித்தார். நான் ஒரு மின்கம்பத்தின் பின்னால் நின்றேன். அது என்னைவிட ஒல்லி.

அண்ணாச்சி பஞ்சை எடுத்தார். அதற்குள் காது இருப்பதையே அன்றுதான் பார்த்தோம். எங்களை அருகே உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார்.

"யம்மா, தூதுவளை, தூதாயீம் ரெண்டும் கத்திரிக்கா இனந்தான். ஆனா தூதாயீம் வேரு விஷம். குடிச்சா புத்தி கலங்கும், உசுருக்கே ஆபத்து. இந்தா கெடக்கே, இது அதுவும் இல்ல. ஏதோ ஒரு வேரு. கையும் காலும் நான் பேனாக்கத்தியால செதுக்குனது. மூக்குதான் சரியா வரல."

"அப்ப செத்துப்போன நாயி?"

"எனக்கு நாயின்னாலே பயம்மா."

செல்வி சிரிக்கவில்லை. அம்மா வைத்த கெடுவைச் சொன்னாள். அழுதாள்.

"டாக்டரப் பாத்தியா?"

"நாலு பேரப் பாத்துட்டேன். எங்கிட்ட ஒரு குறையும் இல்லயாம்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"நீரு?"

செல்வி தெருவுக்கே கத்தியதைவிட அந்த ஒரு சொல் எனக்குப் பெரிதாகக் கேட்டது. நான் போனதில்லை. போய் என்னவென்று சொல்வது என்ற கூச்சத்திலேயே எட்டு வருஷம் போய்விட்டது.

மறுநாள் காலை எங்கள் வாசலில் நின்றார். "கெளம்பும் வே."

ஆஸ்பத்திரி கவுன்டரில் நான் முணுமுணுத்தேன். கவுன்டர்காரர் "க்யா?" என்றார். மறுபடி முணுமுணுத்தேன். அண்ணாச்சி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

"சாப்! இஸ்கா பச்சா நஹி ஹோத்தா! பீவி கா சப் டீக் ஹை! இஸ்கோ செக் கரோ!"

எனக்குப் பிள்ளை இல்லை, பெண்டாட்டிக்கு ஒரு குறையும் இல்லை, என்னைத்தான் சோதிக்க வேண்டும் என்று இந்தியில் அவர் கத்தியதும் வரிசை முழுக்கத் திரும்பியது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் மட்டும் என் தோளைத் தொட்டு, "பாய், எந்த ரூம்? நானும் அங்கதான் போகணும்" என்று ரகசியமாக இந்தியில் கேட்டார்.

அடுத்த வாரம் ரிப்போர்ட் வாங்கவும் கூட வந்தார். இரண்டு நாளும் கடை போடவில்லை. பெஞ்சில் நாலு மணி நேரம் காத்திருந்தோம். ஊருக்கெல்லாம் கதை சொல்கிறவர் எனக்கு ஒரு கதைகூடச் சொல்லவில்லை. ஒரு வடாபாவை இரண்டாகப் பிய்த்து, மிளகாய் இல்லாத பாதியை என்னிடம் கொடுத்தார்.

குறை என்னிடம்தான். மருந்து உண்டு, பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். "குறை எனக்குத்தாம்மா. செல்வி எங்கயும் போக மாட்டா." பஸ் சத்தத்தில் இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம், "சாப்பிட்டியால?" என்று கேட்டாள். கெடு அத்தோடு போயிற்று.

பெஞ்சுக்குத் திரும்பி வந்தேன். அண்ணாச்சி எழுந்து என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார். "வாரும், செல்வி காத்துக்கிட்டு இருப்பா" என்று கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கவைத்தார்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அன்றைக்கு முழுக்க அது எனக்கு ஞாபகமே வரவில்லை.