ஒல்லாந்தக் கழுதையும் நூறு வருட விதியும்

உலகத்தில் சரித்திரம் என்று ஒன்று இன்னும் மிஞ்சியிருக்கிறதென்றால், திருகோணமலையிலிருந்து வெளிவந்த 'கோட்டியாறு ஆராய்ச்சி' என்ற காலாண்டிதழுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். காலாண்டிதழ் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒன்று வரும். அவசரப்பட்டால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்பது அதன் ஆசிரியர் கோணாமலையாரின் கொள்கை.

அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருந்து பென்சன் பெற்று இளைப்பாறியவர் அவர். இதழுக்கு அவர் வகுத்த முதல் விதி: நூறு வருடத்துக்கு உட்பட்டதெல்லாம் வெறும் புதினம், அதாவது பத்திரிகைச் செய்தி; அதற்கு மேற்பட்டதே சரித்திரம். விதியை அவர் எப்படிக் காத்தார் என்பதற்கு 1942 ஏப்ரல் ஒன்பதாந் தேதியே சாட்சி. அன்று காலை ஜப்பான்காரன் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத் தளத்திலும் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் குழு மேசைக்குக் கீழே கூடியது. டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் ஒல்லாந்தத் தளபதி ஒருவர் கோட்டையில் வளர்த்த கழுதையைப் பற்றி ஆசிரியர் எழுதிய நாற்பது பக்கக் கட்டுரை பரிசீலனைக்கு வந்தது.

டமால் என்று ஒரு சத்தம்.

"ஆரும் ஆட்சேபிக்கினமோ?" என்றார் கோணாமலையார்.

"இல்லை ஐயா, ஜப்பான்காரன்," என்றார் உப ஆசிரியர் பாக்கியரத்தினம்.

கட்டுரை ஏகமனதாக ஏற்கப்பட்டது. கூட்ட அறிக்கையில் குண்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதற்கு இன்னும் வயது வரவில்லை.

மூன்று கிழமை கழித்து, மாதக் கடைசியில், சல்லிக் கிராமத்திலிருந்து தங்கேஸ்வரி என்றொரு பெண் வந்தாள். தேயிலைப் பைக்கற்றைப் பிரித்து, அதன் உட்பக்கத்தில் பென்சிலால் ஏழு பெயர்கள் எழுதியிருந்தாள். முதற் பெயர் இராசையா, அவளுடைய புருஷன்.

"சீனன்குடாவில கூலிக்குப் போனவை ஐயா. அண்டைக்குக் குண்டு விழுந்து செத்துப் போச்சினம். கூலிக்குப் பிடிச்ச கொந்தராத்துக்காரன் அப்பிடி ஆக்களே தன்னட்டை வேலை செய்யேல்லை எண்டுறான். பிரேதங்களை எங்க தாட்டவை எண்டும் சொல்லுறானில்லை. உள்ளுக்குப் போய்ப் பாக்கவும் ஏலாது. நீங்கள் பேரை அச்சடிச்சுப் போட்டா, பிறகு ஒருத்தரும் இல்லையெண்டு சொல்ல ஏலாதெல்லோ?"

கோணாமலையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைக் கருணையுடன் பார்வையிட்டார்.

"நல்ல விசயம், தங்கச்சி. ஆனா இது புதினம். இரண்டாயிரத்து நாற்பத்திரண்டில கொண்டு வாங்கோ."

"அப்ப நான் இருக்கமாட்டன் ஐயா."

"இதழ் இருக்கும்," என்றார் கோணாமலையார் கம்பீரமாக.

இதழ் யுத்தகாலத் தணிக்கை அதிகாரியிடம் போனது. ஒரு சொல்லைக்கூட வெட்டாமல் திருப்பி அனுப்பிய அதிகாரி, "இதில் எதிரிக்குப் பயன்படக்கூடியது எதுவுமில்லை, மற்றவர்களுக்கும் அப்படியே" என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். இப்பேர்ப்பட்ட 'பாராட்டு' வேறெந்த இதழுக்குக் கிடைத்திருக்கிறது! ஆசிரியர் அதை அட்டையிலேயே தடித்த எழுத்தில் போட்டார்.

இதழ் வந்த கிழமை தங்கேஸ்வரி திரும்பவும் வந்தாள். கோணாமலையார் பெரிய மனசு பண்ணி ஒரு பிரதியை இலவசமாகவே கொடுத்தார். அவள் நின்றபடியே வெகுநேரம் வாசித்தாள்.

"இந்தக் கழுதை செத்ததை ஆர் ஐயா எழுதி வைச்சது?"

இப்படியொரு கேள்விக்காக எத்தனை வருடம் காத்திருந்தார் கோணாமலையார்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கோட்டைக் கிளாக்கர். எப்பேர்ப்பட்ட மனிசன்! கழுதையின்ர பேர் வில்லெம், வயித்து வருத்தத்தில செத்தது, வாசலுக்கு வடக்கால புளியமரத்துக்குக் கீழ தாட்டது எண்டு ஒண்டு விடாமல் எழுதிப்போட்டான். அதுவும் செத்த அண்டைக்கே!"

"அண்டைக்கேயோ?"

"அண்டைக்கே."

"நூறு வருசம் பொறுக்கேல்லையோ?"

கோணாமலையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தங்கேஸ்வரி இதழை மூடி மேசையில் வைத்தாள்.

"கழுதைக்கு ஒரு கிளாக்கர் இருந்திருக்கிறார் ஐயா. எங்கட ஏழு பேருக்கு நீங்கள்தான் இருந்தனீங்கள்."