நாற்பது குதிரைத்திறன் தீர்மானம்

தண்ணீரின் குணத்தைத் தீர்மானம் போட்டுத் திருத்திய முதல் அலுவலகம் என்ற பெருமை எங்கள் ஏரிப் போக்குவரத்து அலுவலகத்தையே சேரும். அந்தத் தீர்மானத்தைத் தட்டச்சு செய்த விரல்கள் என்னுடையவை. அப்போது நான் தலைமை எழுத்தர், இப்போது கண்காணிப்பாளர். இரண்டுக்கும் இடையில் நடந்ததை வருங்காலத் தலைமுறையின் நன்மைக்காகப் பதிவு செய்கிறேன்.

ஏரியின் அக்கரையில் அறுபது வீடுகள். அங்கே போக சாலை கிடையாது. எங்கள் அலுவலகத்தின் ஒரே படகுதான் வழி. பதினைந்தடி நீளம். செவ்வாய்க்கிழமைதோறும் நர்ஸ் மருந்துப் பெட்டியோடு அதில் போய்வருவார். படகை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அவருடைய கணவர், எங்கள் மெக்கானிக். படகின் பின்னால் மாட்டியிருந்த பதினைந்து குதிரைத்திறன் மோட்டார் பதினோரு வருடம் உழைத்துவிட்டு ஒரு நாள் ஓய்ந்துபோனது. அதே அளவில் இன்னொன்று வேண்டும் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தார்.

கனம் பொருந்திய எங்கள் இயக்குநர் அதைப் படித்து முகம் சுளித்தார். ('கனம்' என்பது இங்கே வெறும் மரியாதைச் சொல் அல்ல. அவர் உட்கார்ந்தால் நாற்காலி கருத்துத் தெரிவிக்கும்.) பக்கத்து ஏரி அலுவலகத்தில் முப்பது குதிரைத்திறன் ஓடும்போது நாம் பதினைந்தோடு நிற்பதா என்று கேட்டார். அங்கே இருப்பது இருபத்திரண்டடிப் படகு என்று மெக்கானிக் சொன்னது, 'நிர்வாகத்துக்குத் தொடர்பில்லாத தகவல்' என்று ஒதுக்கப்பட்டது. உடனே ஒரு 'தொலைநோக்கு ஆலோசகர்' நியமிக்கப்பட்டார். அவர் இயக்குநரின் மச்சானாக இருந்தது தற்செயல். தொலைநோக்குக்கு ஆள் தேடும்போது கிட்டத்தில் இருப்பவர்தானே முதலில் கண்ணில் படுவார்?

ஆலோசகர் படகை நேரில் பார்த்துத் தன் சிந்தனையைக் குறுக்கிக்கொள்ள விரும்பவில்லை. அறையில் உட்கார்ந்தபடியே நாற்பது என்று முடிவு செய்தார். மோட்டார் வந்து இறங்கியது. நான்கு பேர் சேர்ந்து தூக்கி உள்ளே வைத்தார்கள். மெக்கானிக் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டம் கூட்டப்பட்டது.

படகின் பின்பக்கத்தில் ஒரு தகடு பதித்திருக்கிறது என்றும், அதில் அதிகபட்சம் பதினைந்து குதிரைத்திறன், மொத்தச் சுமை நானூற்றைம்பது கிலோ என்று எழுதியிருக்கிறது என்றும் மெக்கானிக் விளக்கினார்.

"மோட்டாரே நூறு கிலோ சார். டேங்கும் பேட்டரியும் நாப்பத்தஞ்சு. அதையும் சுமையிலதான் சேர்க்கணும். மிச்சம் முந்நூத்தஞ்சுல நாலு பேர் உட்காரலாம். ஆனா அதுக்கும் முன்னாடி, அந்தப் பின்பலகை இவ்வளவு பெரிய மோட்டாரைத் தாங்காது. வேகம் கூட்டினா பின்பக்கம் அப்படியே அமுங்கிடும்."

ஆலோசகர் புன்னகைத்தார். இப்படிப்பட்ட பின்னடைவுச் சிந்தனைதான் அலுவலகத்தைப் பிடித்த நோய் என்றார். "எல்லைங்கிறது மனசுலதான் இருக்கு."

"மனசுல இல்ல சார். தகட்டுல இருக்கு" என்றார் மெக்கானிக்.

இயக்குநர் நிதானமாகச் சொன்னார்: "அப்ப தகட்டை மாத்திடுங்க."

வரலாறு இப்படித்தான் சத்தமில்லாமல் திரும்புகிறது. படகின் திறன் பதினைந்திலிருந்து நாற்பதாகவும், சுமை நானூற்றைம்பது கிலோ என்பது 'போதிய அளவு' எனவும் ஒருமனதாக உயர்த்தப்பட்டன. மரத்தில் ஒரு அங்குலம் கூடச் சேர்க்காமல் ஒரு படகைப் பெரிதாக்கியிருக்கிறோம். மெக்கானிக் எழுந்து, "தகட்டை மாத்திட்டீங்க. தண்ணிக்குப் படிக்கத் தெரியாது சார்" என்றார். 'ஏரியின் கல்வியறிவு குறித்து மெக்கானிக் கவலை தெரிவித்தார்' என்று குறிப்பில் சேர்த்தேன்.

அதன் பிறகு அவர் மூன்று கடிதங்கள் எழுதினார். மூன்றையும் கையெழுத்திட்டு வாங்கி, முறைப்படி என் மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன்.

வெள்ளோட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான்கு பேர் போதும் என்று மெக்கானிக் கெஞ்சினார். இயக்குநர் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த நான்கு பேரில் தன் பெயர் இல்லாவிட்டால் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றியதால் ஒன்பது பேர் ஏறினோம். நான் கோப்புப் பெட்டியோடு ஏறினேன். அந்த ஒன்பதில் நர்ஸும் ஒருவர்; அவரைப் 'பயனாளிகளின் பிரதிநிதி' என்று அழைத்தார்கள். அக்கரையில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதம், ரத்த அழுத்தம் கூடியிருந்தது. கணவரின் துடுப்புப் படகில் போனால் நேரமாகும், எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி நர்ஸ் ஏறிக்கொண்டார். அவருக்கும் மெக்கானிக்குக்கும் படித்துறையில் தாழ்ந்த குரலில் ஒரு சண்டை நடந்தது. கடைசியில் மெக்கானிக் லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மனைவிக்குத் தானே மாட்டிவிட்டு, பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். மற்றவர்கள் போட்டுக்கொள்ளவில்லை. புகைப்படத்தில் சட்டை மறையும்.

மோட்டாரைத் தொட மாட்டேன் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஆலோசகரே பிடித்தார். இயக்குநர் பின்னால் மோட்டாரை ஒட்டி உட்கார்ந்தார். ஆகவே எல்லோரும் பின்னால் உட்கார்ந்தோம். இயக்குநருக்குப் பக்கத்தில் இடம் இருக்கும்போது படகின் முன்பக்கத்தில் உட்கார எங்கள் அலுவலகத்தில் யாருக்குப் பைத்தியம்? நர்ஸ் மட்டும் முன்னால் தனியாக இருந்தார். கிளம்பும் முன்பே விளிம்புக்கும் தண்ணீருக்கும் நான்கு விரல்தான் இடைவெளி. மெக்கானிக் தன் சொந்தத் துடுப்புப் படகில் கயிறும் காற்றடித்த டியூப்களும் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

அறுபதடி போனதும், "முழு வேகம்" என்றார் இயக்குநர். ஆலோசகர் முறுக்கினார். எங்கள் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. பின்பலகை படபடவென்று பிளந்தது. ஏரி, அழைப்பு இல்லாமலே, பின்பக்கமாக உள்ளே வந்தது. 'பணியில் மூழ்குங்கள்' என்று இயக்குநர் மாதந்தோறும் சுற்றறிக்கை விடுவார். அன்றுதான் அலுவலகம் முழுவதும், தலைமையோடு சேர்ந்து, அதை நிறைவேற்றியது.

எனக்கு நீச்சல் தெரியாது. வாயில் தண்ணீரும் கையில் கோப்புப் பெட்டியுமாக இரண்டு முறை உள்ளே போய் வந்தேன். மூன்றாவது முறை போவதற்குள் என் சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. மெக்கானிக்தான். நர்ஸ் மிதந்துகொண்டே இயக்குநரின் தாடையைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஒன்பது பேரும் கரை சேர்ந்தோம். நாற்பது குதிரைகளும் படகும் ஏரியின் அடியில் தங்கிவிட்டன.

ஆழமான விசாரணை வேண்டும் என்று இயக்குநர் உத்தரவிட்டார். அதை ஆலோசகரே நடத்தினார். ஆழத்தை நேரில் பார்த்தவர் என்ற தகுதி அவருக்கு இருந்தது. என்னிடம் ஒரே ஒரு கேள்வி: மெக்கானிக் எழுத்து மூலம் எச்சரித்தாரா?

நான் இயக்குநரைப் பார்த்தேன். இயக்குநர், மூன்று மாதமாகக் காலியாகக் கிடந்த கண்காணிப்பாளர் நாற்காலியைப் பார்த்தார்.

"அப்படி எதுவும் வரல சார்" என்றேன்.

அறிக்கை மிகச் சிறப்பாக அமைந்தது. படகில் இருந்த அதிகாரிகள் அனைவரும் விபத்து வரும் என்று அறியாதவர்கள், ஆகவே குற்றமற்றவர்கள். கயிறும் டியூப்களும் முன்கூட்டியே தயாராக வைத்திருந்ததால், படகு மூழ்கும் என்று அறிந்திருந்த ஒரே நபர் மெக்கானிக். ஆகவே அவரே பொறுப்பு. இதைத் தட்டச்சு செய்யும்போது ஒரு பிழை கூட விழவில்லை. அவருக்கு வேலை போயிற்று. எனக்கு நாற்காலி கிடைத்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு முக்கியப் பணி தரப்பட்டது. படகுச் சேவை திருப்திகரமாக நடைபெறுகிறது என்று அக்கரை மக்களிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். போகப் படகு இல்லை. படித்துறையில் மெக்கானிக் தன் துடுப்புப் படகில் நர்ஸை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கர்ப்பிணிப் பெண்ணும் இருந்தாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். நானும் வரலாமா என்று கேட்டேன். நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை. மெக்கானிக் தலையசைத்தார். ஏறி, படிவங்களை மடியில் வைத்துக்கொண்டேன்.

துடுப்பை எடுக்கும் முன் அவர் வாய்க்குள் எடைக்கணக்குக் கூட்டினார். "நர்ஸம்மா அம்பத்தெட்டு. இந்தப் பொண்ணு அறுபத்திரண்டு. மருந்துப் பெட்டி பன்னெண்டு. நான் எழுபது. சரி, கிளம்பலாம்."

கண்காணிப்பாளர் என்ற முறையில் எனக்குச் சற்றுக் குறையாக இருந்தது. "என்னைச் சேர்க்கலையே" என்றேன்.

அவர் துடுப்பைத் தண்ணீரில் இறக்கினார். குரலில் கோபம் இல்லை.

"முழுகுறதைத்தான் சார் சுமைன்னு கணக்கு பண்ணுவோம். எது முழுகினாலும் நீங்க மிதப்பீங்க."