அத்தைக்கு நான் சிபாரிசு செய்த புத்தகங்கள்

புத்தகம் சிபாரிசு செய்வதும் கல்யாணத் தரகு பார்ப்பதும் ஒன்றுதான். நன்றாக அமைந்தால் யாரும் நம்மை நினைப்பதில்லை. கெட்டுப்போனால் பெயர் சொல்லித் திட்டுவார்கள். இது புரியாத வயதில் என் மாமியாருக்கே சிபாரிசு செய்தேன்.

கல்யாணமான புதுசு. கணவர் சாமுவேல் குவைத்துக்குத் திரும்பிவிட்டார். அத்தை கீழ்வேளூர்ப் பக்கம் தனியாளாக நின்று விவசாயம் பார்த்தவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருக்குத் தஞ்சாவூரில் குடலிறக்க ஆபரேஷன், துணைக்கு நான். அவரோடு என்ன பேசுவது என்ற பயத்தில் (அவர் முன்னால் இருமக்கூட அனுமதி கேட்கத் தோன்றும்) புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிறு அதிராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அத்தை மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். படிக்க ஏதாவது தரட்டுமா என்று கேட்டேன். தலையசைத்தார்.

முதலில் ஒரு நாவல். வெளிநாடு போன மகன் தாயை மறந்துவிடும் கதை அது என்பது, அவர் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பாதியில் மூடிவிட்டு, "சாமுவேலு இந்த வாரம் போன் பண்ணுனானா?" என்றார். பண்ணவில்லை. பிரஷர் பார்த்த நர்ஸ் என்னைத்தான் முறைத்தார்.

பதறிப்போய்க் கவிதைத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்தேன். அத்தை புரட்டிப் பார்த்தார்.

"பாதிப் பக்கம் தரிசாக் கெடக்கே. எடம் என்ன சும்மாவா வருது?"

கடைசியாகத்தான் அந்தச் சனியன். ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரின் அனுபவங்கள். வரப்புத் தகராறைத் தீர்க்கப் போனவர், இரண்டு தரப்பும் பார்த்துக்கொண்டிருக்க, அளவுச் சங்கிலியோடு வாய்க்காலில் விழுகிறார். விழுந்த இடத்தையே எல்லை என்று அறிவித்தும் விடுகிறார்.

அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"ரூபி, நம்ம வயல அளக்க வந்தவனும் இப்படித்தான் வுழுந்தான்" என்றார். அதற்கு மேல் ஒரே சிரிப்பு. கட்டிலே ஆடியது. போதும் அத்தை என்று கெஞ்சிப் புத்தகத்தைப் பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை. திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கட்டுத்துணி சிவந்திருந்தது.

இரண்டு தையல் பிரிந்திருந்தன. மறுபடி தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். வராந்தாவில் நின்று, தெரிந்த ஜெபங்களை எல்லாம் சொன்னேன் (நடந்ததை ஆண்டவரிடம் எப்படி விளக்குவது என்பது தனிக் கவலை). வாழாவெட்டியாகப் பிறந்த வீடு திரும்புவதுவரை யோசித்துவிட்டு, ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து கணவரைக் கூப்பிட்டேன். தையல் பிரிந்ததை அவர் காதிலேயே வாங்கவில்லை.

"எங்கம்மாவா? சிரிச்சாங்களா?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஓடி வந்தபோது அத்தையை வெளியே கொண்டுவந்திருந்தார்கள். கட்டிலருகே குனிந்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அத்தை பாதிக் கண் திறந்தார்.

"அந்த எல்லைய ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்களா?"

தையல் பிரிக்கும்வரை மீதிக் கதையைச் சொல்லக் கூடாது என்று டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தை அந்தக் கதையைப் பிறகு ஊர் முழுக்கச் சொன்னார், வயிற்றைப் பிடித்துக்கொண்டே.

இப்போதும் எங்கள் வீட்டில் நான் ஒரு புத்தகத்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னால், யாரும் கதை என்னவென்று கேட்பதில்லை. எத்தனை தையல் என்றுதான் கேட்கிறார்கள்.