குதிரை ஓட்டத்தில் என் பங்கு

கோப்பாயில், வெங்காயம் விளையாது என்று எல்லோரும் கைவிட்ட கல்லு நிலத்தைத் தோட்டமாக்கியவன் நான். கிணறு வெட்டினேன். சண்டையில் கூரை போன வீட்டை மறுபடி கட்டி, மேலே ஒரு மாடியும் போட்டேன் (படி வைக்க மறந்தது மேசனின் பிழை). ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், சுன்னாகம் சந்தையில் கூவிக் கூவி வெங்காயம் விற்று, மகள் யாழினியை மிருக வைத்தியர் ஆக்கினேன். அவள் எங்கள் பக்கத்தில் முதன்முதலாக நெடுந்தூரக் குதிரை ஓட்டம் வைத்தபோது, குதிரைகள் பாதி வழியில் இளைப்பாற வேறு யார் தோட்டத்தைக் கேட்பாள்?

"அப்பா, நிழல் வேணும், தண்ணி வேணும், அமைதி வேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

இந்த ஓட்டத்தில் முந்தி வருவது பெரிதில்லையாம். பாதி வழியில் குதிரையின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார்களாம். அரை மணித்தியாலத்துக்குள் துடிப்பு இறங்காத குதிரை மேற்கொண்டு ஓட முடியாதாம்.

எல்லாம் விளங்கியது. ஆனாலும் வாசலுக்கு வருகிறவர்களை மேளம் இல்லாமல் வரவேற்க நான் என்ன மரியாதை தெரியாதவனா? கலியாண வீடுகளுக்கு வாசிக்கிற மேளக்காரரை ரகசியமாகப் பேசி, வைக்கோல் போருக்குப் பின்னால் இருத்தினேன்.

முதல் குதிரை, ஒரு மண்ணிறப் பெட்டை, வாசல் படலைக்குள் நுழைந்தது. கையைத் தூக்கினேன். தவில் முழங்கியது. குதிரை பக்கவாட்டில் பாய்ந்து மிளகாய்க் கன்றுகளுக்குள் போய் நின்றது. மேலே இருந்த பெண் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். பின்னால் வந்த குதிரைகளும் வெருண்டன.

"ஆர் உது? நிப்பாட்டுங்கோ!" என்று மகள் கத்தினாள். நான் வாங்கிக் கொடுத்த சீன வெடிக்கு நெருப்புக்குச்சி உரசிய மருமகனின் கையை என் மனைவி எட்டிப் பிடித்தாள்.

குதிரைகளை மாமர நிழலில் நிறுத்தி, தண்ணீர் வார்த்தார்கள். யாழினி குழாயை வைத்தாள். முகம் கறுத்தது.

"இறங்கேல்லை."

ஊரே வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தது. குதிரைகள் இங்கேயே நின்றுவிட்டால் ஓட்டமும் இங்கேயே முடிந்தது. மகளை நம்பிக் குதிரை கொண்டு வந்தவர்கள் மறுபடி வருவார்களா? அந்த நேரம் என் நெஞ்சில் வைத்திருந்தால் குழாய் வெடித்திருக்கும். பயம் வந்தால் எனக்குக் கதையும் வரும்.

"யோசியாதை பிள்ளை, உது நான் வெட்டின கிணத்துத் தண்ணி..."

குதிரையின் காது விறைத்தது. மகள் நிமிர்ந்தாள்.

"அப்பா, இன்னொருக்கால் கதையுங்கோ."

(பிறந்ததிலிருந்து அவள் இப்படிக் கேட்டதில்லை. சந்தோசத்தில் எனக்கு ஒரே புளுகம்.)

"கல்லு எண்டால் சும்மா கல்லே! இரும்பு அலவாங்கே வளைஞ்சு போச்சு..."

"துடிப்பு ஏறுது!"

மனைவி என்னைப் பார்த்தாள். "மேளக்காரரைப் பேசி என்ன பிரயோசனம்? பெரிய மேளம் உதிலை நிக்குது."

"நான் மெல்லமாத்தானே கதைக்கிறன்?"

"உங்கடை மெல்லம் சந்தைக்கு அங்காலையும் கேக்கும். நடவுங்கோ, பம்ப் கொட்டிலுக்குள்ளை."

என் நிலம், என் கொட்டில், வெளியில் மனைவி போட்ட கொண்டி. உள்ளே டீசல் மணம். கிடுகுச் சுவரின் ஓட்டையால் பார்த்தேன். மகள் குதிரைக்குக் குதிரை போனாள், மணிக்கூட்டைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். என்ன நடக்கிறது என்று கேட்க வாய் உன்னியது. சால்வையை வாய்க்குள் அடைத்தேன். அரை மணித்தியாலம் முடியப்போகும் நேரம் அந்த மண்ணிறப் பெட்டை தலையைத் தொங்கப்போட்டு ஒரு பெருமூச்சு விட்டது. மகள் கையைக் காட்டினாள். படலை திறந்தது. ஒவ்வொன்றாய் எல்லாக் குதிரையும் வெளியேறிய குளம்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டு நான் இருட்டுக்குள் அழுதேன்.

ஓட்டம் முடிந்ததும் வந்தவர்கள் புகழ்ந்தார்கள். வளைவுக்கு வளைவு வேலியில் சிவப்பு நாடா, போகிற இடமெல்லாம் தண்ணீர், எல்லோருக்கும் சோறு, ஒரு குதிரைகூட நோகாமல் திரும்பியது. இப்படி நடத்தினால் எங்கிருந்தும் வரலாம் என்றார்கள்.

இப்போது பேரப்பிள்ளை நித்திரை கொள்ளாவிட்டால், "அப்பாவைக் கொட்டிலுக்குள்ளை விடுங்கோ" என்று மகள் சொல்வாள். வீடே சிரிக்கும். சிரிக்கட்டும். ஆனால் ஓட்டத்துக்கு உதவியவர்களுக்கென்று மகள் வைத்த நன்றிப் பலகையில் வைக்கோல் தந்தவர் பெயர் இருக்கிறது, நாடா கட்டியவர் பெயர் இருக்கிறது. தண்ணீரும் நிழலும் யாரும் கொடுப்பார்கள். அமைதி கொடுத்தவன் நான் ஒருவன்தான். அதை என் பெயரோடு பலகையில் போட வேண்டும், பெரிய எழுத்தில்.